ஹர்க்கமான் சமதரையில் வழிகாட்டிய கதை

ஹர்க்கமான் ராய்க்கு உயரமான இடங்களில் வேலை செய்யத் தகுதி உண்டு என்று உலகத்தில் முதன்முதலாக எழுதிக் கொடுத்தது, கோல்டிங் நகரத்துத் தளபாடக் கிடங்கு ஒன்று. ஒரு நாள் வகுப்பு. காலையில் கோப்பியும் பாணும், மத்தியானம் ஒரு வீடியோ, பின்னேரம் இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு நாலாவது தட்டு வரை ஏறி இறங்கும் பரீட்சை. நாலாவது தட்டின் உயரம் ஏழு மீற்றர். வகுப்பெடுத்த டேனிஷ்காரர் அவன் கொக்கியை மாட்டிய விதத்தைப் பார்த்து, "பரவாயில்லை, கையில் ஏதோ பழக்கம் இருக்கிறது" என்று மெச்சினார். எண்ணாயிரம் மீற்றருக்குக் கொஞ்சம் கீழே, எவரெஸ்டின் தென் கணவாய்க்கு நாலு பருவம் ஒட்சிசன் குடுவைகளைச் சுமந்து போன கை அது என்று ஹர்க்கமான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரிந்தபடியால் நன்றி மட்டும் சொன்னான்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். உச்சிக்குப் போயிருக்கிறாயா? இல்லை. அவனை உச்சிக்கு அனுப்ப யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவன் கொண்டுபோய் வைத்த காற்றை உறிஞ்சிக்கொண்டு மேலே போன பல் வைத்தியர்களும் வங்கிக்காரர்களும் திரும்பி வந்து புத்தகம் எழுதினார்கள், பள்ளிக்கூடங்களில் படம் காட்டினார்கள். காற்றைக் கொண்டுபோனவனின் பெயர் குடுவையில்கூட இல்லை. இதைக் கேட்டதும் டேனிஷ்காரர்கள் முகத்தில் ஒரு அனுதாபம் வரும். உச்சிக்குப் போகாதவன் கீழேயே நின்றவன் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்குப் போடுகிறவர்கள் வாழும் நாட்டின் ஆக உயர்ந்த இடம் நூற்றெழுபது மீற்றர் என்பதை நாம் இந்த இடத்தில் சொல்லிக்காட்டக் கூடாதுதான்.

அவன் கோத்தாங் மாவட்டத்துக்காரன். பதினாலு வயதில் நாலு நாள் நடந்து லுக்லாவுக்கு வந்து, வெள்ளைக்காரருடைய மடக்குக் கதிரைகளைச் சுமந்தான். பிறகு சமையல்காரனுக்கு உள்ளி உரித்தான். பிறகு சமையல்காரன் ஆனான். பிறகு ஆங்கிலம் பேச வந்ததால் வழிகாட்டி ஆனான். பனியில் கயிறு கட்டவும், சளி பிடித்த மனிதனுக்கும் சாகப்போகிற மனிதனுக்கும் இருமலில் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்கவும் பழகினான். பதினேழு வருடத்தில் அவன் கூட்டிப்போன ஒருவரும் சாகவில்லை. இந்தத் தொழிலில் இதற்கு மேல் ஒரு பெருமை கிடையாது. ஆனால் நடக்காமல் போன சாவை யாரும் படம் எடுத்து வைப்பதில்லை.

பிறகு நேப்பாளத்தில் சண்டை வந்தது. வழியிலிருந்த ஒரு கணவாயில் மாவோவாதிகள் மேசை போட்டு உட்கார்ந்து சுற்றுலாக்காரரிடம் நன்கொடை வாங்கி, ஒழுங்காகப் பற்றுச்சீட்டும் கொடுத்தார்கள். அந்தப் பற்றுச்சீட்டை அடுத்த பள்ளத்தாக்கில் இராணுவம் கண்டால் வழிகாட்டிக்கு அடி விழும். சீட்டு இல்லாமல் திரும்பினால் கணவாயில் அடி விழும். ஹர்க்கமான் இரண்டு பக்கமும் பாரபட்சமில்லாமல் வாங்கினான். சுற்றுலாக்காரர் வருவது நின்றது. அவனால் ஒரு காலத்தில் உயிரோடு கீழே இறங்கிய கோல்டிங் பள்ளி ஆசிரியர் ஒருவர், இரண்டாயிரத்து இரண்டில் அவனை ஒரு ஹொய்ஸ்கோலவில் சேர்த்துவிட்டார். பரீட்சையும் இல்லாமல் பட்டமும் இல்லாமல், பெரியவர்கள் ஒரு வருடம் தங்கியிருந்து பாட்டுப் பாடி, மண்பாண்டம் செய்து, தங்களைக் கண்டுபிடிக்கிற பள்ளிக்கூடம் அது. ஹர்க்கமான் அங்கே யோகமலரைக் கண்டுபிடித்தான்.

யோகமலர் அந்தப் பள்ளிக் குசினியில் வேலை. யாழ்ப்பாணத்துக்காரி. முப்பத்தாறு வயது வரை கல்யாணம் சரிவராமல் இருந்ததற்குக் கோல்டிங் தமிழர்கள் பல காரணங்கள் வைத்திருந்தார்கள். ஒரு நாள் இந்த மனிதன் குசினிக்குள் வந்து, கேட்காமலே கத்தியை எடுத்து, ஒரு கிலோ உள்ளியைப் பேச்சு மூச்சுக் காட்டாமல் உரித்து வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாளும் வந்தான். அடுத்த வருடம் கல்யாணம். அவன் அவளிடமே தமிழ் படித்தபடியால், நாற்பது வயதை நெருங்கிய முறுக்கான ஆம்பிளையின் வாயிலிருந்து "ஐயோ, என்ரை கடவுளே, கறி அடிப்பிடிச்சுப்போட்டுது" என்ற தமிழ் வந்தது. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் ஷெர்ப்பா இல்லை, ராய் இனத்தவன். இதையும் ஒரு வருடம் சொல்லிப் பார்த்தான்.

"அண்ணை, நான் ஷெர்ப்பா இல்லை. ராய்."

"ஓமோம், ராய் ஷெர்ப்பா," என்றார் கோல்டிங் தமிழ்ச் சங்கத் தலைவர் குலேந்திரன், விஷயம் விளங்கிய முகத்தோடு.

குலேந்திரனுக்குப் பதினொரு வருடமாக அந்தத் தலைவர் பதவி. தேர்தல் வைத்தால் ஒற்றுமை குலைந்துவிடும் என்ற ஒரே கவலையில் அவர் அதைச் சுமந்துகொண்டிருந்தார்.

வேலை தேடப் போன இடத்தில் ஒரு இளம்பெண் ஹர்க்கமானுடைய பதினேழு வருட அனுபவத்தைக் கணினியில் எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று தெரியாமல் திண்டாடி, கடைசியில் "நடைப்பயிற்சி" என்று எழுதினாள். கிடங்கில் வேலை கிடைத்தது. சக தொழிலாளர்கள் நல்லவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் காரில் ஏற்றி, பக்கத்திலுள்ள ஸ்காம்லிங்ஸ்பாங்கன் குன்றுக்குக் கூட்டிப்போனார்கள். நூற்றுப் பதின்மூன்று மீற்றர். உச்சியில் நின்று, "எப்படி, ஊர் நினைவு வருகிறதா?" என்று கேட்டார்கள். வருகிறது என்றான். பொய் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவன்தான், ஆனாலும் அவர்கள் கேக் கொண்டுவந்திருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறு முடிவில் நேப்பாளத்துச் சண்டை முடிந்தபோதும் கிடங்கில் கேக் வெட்டினார்கள், அதில் சின்னதாக ஒரு கொடிகூடக் குத்தியிருந்தது. கைகுலுக்கினார்கள். சண்டையில் காணாமல் போன சின்னம்மா மகன் ஒருத்தனைப் பற்றி அன்றைக்கும் ஒரு தகவலும் இல்லை. கேக் நன்றாக இருந்தது என்று ஹர்க்கமான் சொன்னான்.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாயிரத்து ஒன்பது வந்தது. யோகமலருக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே இரத்த உறவு தங்கை ராசமலர். அவள் தன் ஆறு வயது மகள் சாரங்காவோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். மாசி மாதம் ஒரு தடவை புதுக்குடியிருப்பிலிருந்து கதைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. யோகமலர் சாப்பிடுவதை நிறுத்தினாள். வேலைக்குப் போய் வந்து கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஹர்க்கமான் சமைத்து வைப்பான், ஆறிப்போகும், மூடி வைப்பான். மலையில் இப்படி உட்கார்ந்தவர்களை அவன் கண்டிருக்கிறான். அவனுக்குப் பயமாக இருந்தது.

சித்திரைக் கடைசியில் சங்கம் கூடி, போரை நிறுத்தக் கோரி கோல்டிங்கிலிருந்து கோப்பன்ஹேகனுக்கு நடந்து போய் மனுக் கொடுப்பது என்று முடிவெடுத்தது. இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். வழிகாட்ட ஆள்?

"எங்களிட்டை ஒரு ஷெர்ப்பா இருக்கிறார்," என்றார் குலேந்திரன். கைதட்டல் எழுந்தது.

டென்மார்க்கில் கோல்டிங்கிலிருந்து கோப்பன்ஹேகனுக்கு வழி கேட்டால் பாலர் பள்ளிப் பிள்ளையும் கிழக்கே கையைக் காட்டும். ஹர்க்கமானுக்கு இதில் விருப்பமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபோது யோகமலர் சப்பாத்து எடுத்து வைத்திருந்தாள்.

"நானும் நடக்கப்போறன். நடந்தால் சனம் பாக்கும். பாத்தால் ஆரெண்டாலும் கேப்பினம். ராசுவும் பிள்ளையும் வெளியாலை வருங்கள்," என்றாள். இரண்டு மாதத்தில் அவள் சேர்த்துப் பேசிய ஆகக் கூடிய சொற்கள் அவை. அன்றிரவு சோறும் தின்றாள். அதோடு அவனுக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. இவளைக் கோப்பன்ஹேகனில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நடுவழியில் உட்கார விடக்கூடாது.

வைகாசி, அதாவது மே மாதம், எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை புறப்பாடு. டேனிஷ்காரருடைய பெரிய பிரார்த்தனை நாள், அரச விடுமுறை. போரை நிறுத்த யாருடைய லீவும் வெட்டுப்படாது. நூற்றைம்பது பேர் படத்துக்கு நின்றார்கள். தெரு முனை வரை தொண்ணூறு பேர். நகர எல்லையில் பதினொரு பேர். குலேந்திரன் பதாகையைப் பிடித்துக்கொண்டு நானூறு மீற்றர் நடந்து, "ஒருங்கிணைப்பு வேலை கிடக்கு" என்று வான் வண்டிக்குள் ஏறினார். அந்த வான் பதினொரு நாளும் பின்னாலேயே வந்தது. இடியப்பம், சொதி, கட்டாச் சம்பல், இரண்டு வகைப் பழம், மடக்குக் கதிரைகள். ஹர்க்கமான் அந்தக் கதிரைகளைக் கண்டு ஒரு நிமிடம் நின்றான். பிறகு நடந்தான்.

முதல் இரண்டு மணித்தியாலத்தில் அவர்கள் நடந்தது மூன்று கிலோமீற்றர். காரணம் கால் அல்ல, கைத்தொலைபேசி. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இணையத்தளத்திலிருந்து செய்தி. ஒருவருக்கு வெற்றி, ஒருவருக்கு அழிவு. ஒருவர் நின்று அழுவார். இன்னொருவர் நின்று, உங்கள் தளம் துரோகிகளுடையது என்று சண்டை பிடிப்பார். செயலாளர் சிவானந்தன் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்தார்.

ஹர்க்கமான் தெருவோரத்தில் எல்லோரையும் நிறுத்தினான். முதுகுப் பையிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து வாயை விரித்தான்.

"ஃபோன் எல்லாம் இதுக்குள்ளை போடுங்கோ. பின்னேரம் தருவன். எழும்பிறது அஞ்சு மணி. நடக்கிறது ஆறு மணி. படுக்க முந்தி எல்லாரும் எனக்குக் காலைக் காட்ட வேணும்."

"ஒரு அவசரம் வந்தால்?" என்று கேட்டார் சிவானந்தன்.

"வந்தால் நான் எடுப்பன், அண்ணை. கேட்டு வைச்சு, நடை முடியச் சொல்லுவன்."

இது அவன் கண்டுபிடித்த விதி இல்லை. அவன் தொழிலின் வழக்கம். மேலே ஏறிக்கொண்டிருக்கிறவனுக்குக் கீழேயிருந்து வந்த துக்கச் செய்தியைச் சொல்வதில்லை. அவன் பத்திரமாக இறங்கிய பிறகுதான் சொல்வார்கள். ஒரு ஜெர்மன்காரன் மக்காலுவில் மூன்றாவது முகாமில் இருந்தபோது தகப்பன் இறந்துவிட்டார் என்று வானொலியில் செய்தி வந்தது. ஹர்க்கமான் இரண்டு பகலும் ஒரு இரவும் அதைத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு அவனோடு சிரித்துப் பேசி, கயிறு பிடித்து, தேநீர் கொடுத்து, கீழே கொண்டுவந்து சேர்த்த பிறகு சொன்னான். ஜெர்மன்காரன் அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். பின்னாளில் நன்றி எழுதி அட்டை போட்டான். மேலே வைத்துச் சொல்லியிருந்தால் அவன் பனியில் உட்கார்ந்திருப்பான். அந்த உயரத்தில் உட்கார்ந்தவன் எழும்புவதில்லை.

யோகமலர் முதல் ஆளாகத் தன் கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டாள்.

அதன் பிறகு நடை நடையாகியது. மிடில்ஃபார்ட், ஒடென்ஸ, நியூபோர்க். கொப்புளத்தை ஊசியால் குத்தி நூலை உள்ளே விடுவது எப்படி என்று அவன் காட்டினான். பதினொரு பேர் ஏழு பேரானார்கள். யோகமலருடைய இடது பாதம் ஐந்தாம் நாளே வீங்கிவிட்டது. பாதத்தை எப்படித் தட்டையாக வைத்து நடப்பது என்று அவன் சொல்லிக் கொடுத்தான், அவள் அப்படியே நடந்தாள். ஒவ்வொரு இரவும் கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்ததும் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூங்குவாள். தூங்கினாள் என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

நியூபோர்க்கில்தான் ஒருங்கிணைப்பின் அருமை தெரிந்தது. அங்கிருந்து கோர்சோருக்குக் கடலுக்கு மேலே பதினெட்டுக் கிலோமீற்றர் பெரும் பாலம். கொடியோடு பாலத்தின் நடுவில் நின்று படம் எடுப்பதற்குக் குலேந்திரன் படப்பிடிப்பாளரைக்கூட ஒழுங்கு செய்திருந்தார். அந்தப் பாலத்தில் மனிதர் நடக்கத் தடை என்பது டென்மார்க்கில் இருபது வருடம் வாழ்ந்த ஏழு நிர்வாகசபை உறுப்பினரில் ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. ரயிலில்தான் போகவேண்டும்.

"நடைபயணமெண்டு நோட்டீஸ் அடிச்சாச்சு. ரயிலிலை போனால் நாளைக்கு ஒருத்தன் எழுதுவான், ஏமாத்திப்போட்டினமெண்டு," என்றார் சிவானந்தன். இரண்டு மணித்தியாலம் விவாதம் நடந்தது. முடிவை அவரே சொன்னார். ரயிலுக்குள் நடப்பது.

அப்படியே நடந்தது. பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும், மறுமுனையிலிருந்து இந்த முனைக்கும், பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு தமிழரும் ஒரு நேப்பாளியும் கடலைக் கடந்தார்கள். பயணிகள் காலை மடக்கி மடக்கி வழி விட்டார்கள். சீட்டுப் பரிசோதகர், "கழிவறை தேடுகிறீர்களா?" என்று கேட்டார். யோகமலர் சிரித்தாள். மாசி மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஹர்க்கமான் சிவானந்தனை அந்த ஒரு சிரிப்புக்காக எல்லாவற்றுக்கும் மன்னித்தான்.

பதினேழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை ரோஸ்கில்டவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள். இருபுறமும் மஞ்சள் கடுகு வயல், தட்டையாக, கண் எட்டும் வரை. அடுத்த நாள் கோப்பன்ஹேகன். ஹர்க்கமான் வழக்கம்போல கடைசி ஆளாக வந்தான். பைக்குள் ஒரு கைத்தொலைபேசி அடித்தது. யோகமலருடையது. தெரியாத இலக்கம்.

"யோகமலர் அக்காவோ?" ஒரு ஆணின் குரல், மிக மெதுவாக.

"நான் அவவின்ரை மனுசன்."

"அண்ணை, நான் செட்டிக்குளம் முகாமிலையிருந்து கதைக்கிறன். இது ஒருத்தர் களவா வைச்சிருக்கிற ஃபோன். அஞ்சு நிமிசம்தான் தந்தவர். ராசமலர் அக்கா இல்லை, அண்ணை. சித்திரை இருபதாம் திகதி, இஞ்சாலை வரேக்கை, கடலேரித் தண்ணிக்குள்ளை. செல் விழுந்தது." குரல் அவசரமாகத் தொடர்ந்தது. "பிள்ளை எங்களோடை சுகமா நிக்குது. உங்கடை நம்பரைத் தாய் பிள்ளையின்ரை சட்டைக்குள்ளை தைச்சு விட்டிருந்தவ. பிள்ளையிட்டைக் குடுக்கிறன். அக்காவைக் கூப்பிடுங்கோ."

சித்திரை இருபது. கோல்டிங்கில் சங்கம் கூட்டம் கூடுவதற்கு முன்பே. அவன் அதை விளங்கிக்கொள்வதற்குள் மறுமுனையில் சின்னக் குரல் வந்துவிட்டது.

"பெரியம்மா?"

"பெரியப்பா கதைக்கிறன், மோனை."

"பெரியம்மா நிக்கிறாவோ?"

நின்றாள். நாற்பது அடி முன்னால், இடது பாதத்தைத் தட்டையாக வைத்து, அவன் சொல்லிக்கொடுத்தபடி, ஒரே சீராக நடந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள். திரும்பினால் கேட்பாள். கேட்டால் இந்தக் கடுகு வயலுக்கு நடுவில் உட்காருவாள். உட்கார்ந்தவர்களை அவனுக்குத் தெரியும். இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது.

"பெரியம்மா இப்ப... நாளைக்குப் பின்னேரம் எடுங்கோ, மோனை. நாளைக்குக் கட்டாயம் கதைப்பா."

தொடர்பு அறுந்தது.

ஹர்க்கமான் பற்றரியைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் வைத்தான். பதினேழு வருட அனுபவம். வேலை தேடித் தந்த பெண் "நடைப்பயிற்சி" என்று எழுதிய அந்த அனுபவம் கடைசியில் ஒரு இடத்தில் பயன்பட்டது என்றுகூட அவனுக்குத் தோன்றியது. அன்றிரவு தோஸ்ட்ரூப்பில் ஒரு தமிழர் வீட்டில் தங்கினார்கள். யோகமலர் கை நீட்டியபோது, "சார்ஜ் இல்லை, யோகா. நாளைக்குப் பாப்பம்," என்றான். அவள் அவன் சொன்னதை நம்பித் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை கோப்பன்ஹேகனுக்குள் போகும்போதே செய்தி வந்துவிட்டது. போர் முடிந்தது. வானில் இருந்த குலேந்திரன் கதவைத் திறந்து அதைச் சொல்லிவிட்டு, சொன்ன தன் வாயையே நம்பாதவர்போல மறுபடி கதவை மூடிக்கொண்டார். ஏழு பேரும் நடந்தார்கள். நிற்பதா போவதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மனுவை வாங்கிக்கொள்ள அரசாங்க அலுவலக வாசலுக்கு வந்தவர் மரியாதையான மனிதர். குடை பிடித்துக்கொண்டு நின்றே கேட்டார். மனுவோடு, உள்ளே அகப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றும் இருந்தது. அதை யோகமலர் வாசித்தாள். முதல் பெயர் ராசமலர். வயது முப்பத்தைந்து. இரண்டாவது சாரங்கா, வயது ஆறு. "இவர்களை உயிரோடு வெளியே எடுக்க உதவுங்கள்" என்று தன் குசினி டேனிஷில் தெளிவாகக் கேட்டாள். ஹர்க்கமான் அவள் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த மனிதர் மனுவின் முதல் பக்கத்தைப் புரட்டினார். "போரை உடனே நிறுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்," என்றார். பிறகு கனிவாகச் சொன்னார்: "இன்று காலை வானொலியில் கேட்டேன். அது நின்றுவிட்டதே."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆறுதல் சொன்னார். கேக் மட்டும்தான் இல்லை.

கால்வாய்க் கரையில் ஒரு வாங்கில் யோகமலரை இருத்தி, சப்பாத்தைக் கழற்றி, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஹர்க்கமான் சொன்னான். நடை முடிந்துவிட்டது, இறங்கியாயிற்று, இனிச் சொல்லலாம். சித்திரை இருபது, கடலேரி, செல், எல்லாம் சொன்னான். பிள்ளை உயிரோடு இருப்பதையும் சொன்னான்.

அவள் அழவில்லை. "ஆர் சொன்னது?"

"முகாமிலையிருந்து ஃபோன் வந்தது. நேற்று."

"நேற்று நான் எங்கை நிண்டனான்?"

"எனக்கு முன்னாலை. நாப்பது அடி."

"பிள்ளை கதைச்சதோ?"

"ஓம்."

"என்னைக் கேட்டதோ?"

"ஓம்."

அவன் விளக்கத் தொடங்கினான். மலையில் ஒரு வழக்கம் இருக்கிறது, ஏறுகிறவர்களுக்கு, ஜெர்மன்காரன் ஒருத்தன்... யோகமலர் தன் காலை அவன் மடியிலிருந்து எடுத்தாள்.

"இஞ்சை எங்கையப்பா மலை?" என்றாள்.

பற்றரியை அவனிடம் வாங்கிப் போட்டு, அந்த இலக்கத்தை அழுத்தினாள். அந்தத் தொலைபேசி இயங்கவில்லை. அன்று பின்னேரம் முழுக்க அழுத்தினாள். திரும்பிப் போகும் ரயிலில் அந்தப் பெரும் பாலத்தைத் தாண்டும்போதும் அழுத்தினாள். களவாக வைத்திருந்த தொலைபேசியைச் சோதனையில் பிடித்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நாளைக்குப் பின்னேரம் எடு என்று ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்கு அவன் கொடுத்த நேரம் அப்படிப் போயிற்று.

குலேந்திரன் சங்கத்தின் அறிக்கையில் நடைபயணம் மாபெரும் வெற்றி என்று எழுதினார். ஷெர்ப்பா அண்ணைக்கு ஒரு பொன்னாடை போர்த்துவது என்றும் தீர்மானம் போட்டார்கள். ஹர்க்கமான் அந்த விழாவுக்கு, கிடங்கில் வேலை என்று சொல்லி, போகவில்லை.

இருபத்தாறு நாள் யோகமலர் அவனோடு கதைக்கவில்லை. சமைத்தாள், கோப்பையில் போட்டு மேசையில் வைத்தாள், வேலைக்குப் போனாள். சண்டை பிடித்திருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும். செஞ்சிலுவைக்கு எழுதினாள், வவுனியாவில் தெரிந்தவர், தெரியாதவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லோருக்கும் எடுத்தாள். அவன் உறைகளில் முத்திரை ஒட்டினான். தன் கையைத் தவிர வேறு எதையும் அவளுக்குக் கொடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. தான் செய்தது சரியா பிழையா என்ற கேள்வியெல்லாம் அவனிடம் முடிந்திருந்தது. பிழை. இரவில் விழித்துக்கொண்டு, அந்த நாற்பது அடியை ஓடிப்போய்த் தொலைபேசியைக் கொடுப்பதாகப் பல தடவை நினைத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அவள் உட்கார்ந்தாள், அழுதாள், கொஞ்ச நேரத்தில் எழும்பினாள். அது சமதரை, உட்கார்ந்தால் எழும்பலாம்.

ஆனி பதின்மூன்று, சனிக்கிழமை காலை. முகாமுக்கு உடுப்புக் கொண்டுபோன ஒரு கன்னியாஸ்திரி மூலம் தொடர்பு கிடைத்தது. யோகமலர் குசினி மேசையில் கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு வைத்தாள். அவனும் கேட்கட்டும் என்றோ என்னவோ. பெயர் சொன்னாள். அழுதாள். சாப்பிட்டியோ, குளிச்சனியோ, ஆரோடை படுக்கிறனி என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டாள். பிள்ளை எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று பதில் சொன்னது. பிறகு தானாக ஒன்று கேட்டது.

"பெரியம்மா, அண்டைக்கு உங்களுக்கு என்னிலை கோவமோ?"

யோகமலர் இருபத்தாறு நாளில் முதன்முதலாக ஹர்க்கமானை நிமிர்ந்து பார்த்தாள். தொலைபேசியை மேசையில் அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"நீங்களே சொல்லுங்கோ."

"பெரியம்மாவுக்குக் கோவமில்லை, மோனை," என்றான் ஹர்க்கமான். "அவவுக்குத் தெரியாது. நான்தான் குடுக்கேல்லை."

"ஏன்?"

நூறு வெள்ளைக்காரருக்கு நூறு மலைகளை விளக்கிய மனிதன் அவன். அவனிடம் இருந்தது அந்த ஒரு விளக்கம்தான்.

"பெரியம்மா நடந்துகொண்டிருந்தவ, மோனை. தூரம் நடக்கிற ஆக்களுக்கு அப்பிடியான செய்தி சொல்லிறேல்லை. சொன்னால் அவையாலை மேலை நடக்கேலாது. அதுதான்..."

மறுமுனையில் பிள்ளை குறுக்கிட்டது.

"நானும் நடந்துதானே வந்தனான்," என்றது.